ஈரம் ஏறும் துணியும் இறுதியாண்டு மாணவர்களும்: திருப்பூரில் நடந்த ஒரு திட்டப்பணி குறித்த நிகழ்வு ஆய்வு

கொங்கு நாட்டில் ஒரு மாணவரை நவீன அறிவுப் பணிக்கு ஆயத்தப்படுத்துவது என்றால், கோவை டைடல் பூங்காவிலோ சரவணம்பட்டி, கீரநத்தம் பக்கத்து மென்பொருள் வளாகங்களிலோ அவருக்கு ஓர் இருக்கை வாங்கித் தருவது என்றே பெற்றோரும் கல்லூரிகளும் பெரும்பாலும் பொருள் கொள்கிறார்கள். அந்த இருக்கைகளால் எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிர்ந்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் திருப்பூரில் ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைத் தொடக்கம் முதல் ஏற்றுமதி வரை கவனிக்கும் பொறுப்பாளர்), பையர் (ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்) அனுப்பிய ஆர்டர் ஷீட்டையும் சாயப்பட்டறையின் டெலிவரி சலானையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு, எத்தனை கிலோ நூல் வாங்குவது, எந்த லாட்டை (ஒன்றாகச் சாயமேற்றிய துணித் தொகுதியை) முதலில் கட்டிங்குக்கு விடுவது, எந்தத் தாமதத்தை இன்றே பையருக்குத் தெரிவிப்பது, எதை நாளை வரை பொறுத்துப் பார்ப்பது என்று காலை முதல் இரவு வரை முடிவெடுத்துக்கொண்டிருக்கிறாரே, அதுவும் முழுமையான அறிவுப் பணிதான். போதாத தகவலை வைத்து ஒரு முடிவுக்கு வருவதும், அந்த முடிவைப் பிறர் அதன்படி நடக்கத்தக்கவாறு எழுதுவதும், அது பிசகினால் பொறுப்பேற்பதும் அவருடைய அன்றாடம். எங்கள் பாடத்திட்டம் மாணவர்களுக்குப் பலவற்றைக் கற்பிக்கிறது. இந்த மூன்றில் ஒன்றைக்கூட அவர்கள் செய்து பார்க்க இடம் தருவதில்லை. பாடத்திட்டத்துக்கு வெளியே போகாமலேயே, இறுதியாண்டுத் திட்டப்பணி என்ற ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குள் இம்மூன்றையும் கொண்டுவர முயன்ற ஒரு குழுவின் அனுபவத்தை இங்கே பதிவு செய்கிறேன். கோவை மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கணினித் துறையில் அந்தக் குழுவுக்கு நான் வழிகாட்டியாக இருந்தேன்.

இந்த மண்ணில் முன்பே இருந்த வழி

படிப்பையும் தொழிலையும் ஒரே வளாகத்தில் வைத்துப் பார்த்த ஊர் கோவை. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகின. பஞ்சாலைகளுக்கு மோட்டாரும், கிணறுகளுக்குப் பம்பும், அவற்றுக்கு வார்ப்படமும் வேண்டியிருந்தன. இவற்றையெல்லாம் செய்யவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தார்கள். 1945இல் ஜி.டி. நாயுடு அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கினார்; இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். பொறியியல் படிப்புக்கு அத்தனை ஆண்டுகள் தேவையில்லை, பட்டறையோடு சேர்த்துக் கற்பித்தால் காலத்தைக் குறைத்துவிடலாம் என்று அவர் வாதிட்டதும், அன்றைய அரசு அதற்கு இசையாததால் கல்லூரி முதல்வர் பொறுப்பிலிருந்து விலகியதும் இங்கே பலரும் அறிந்த செய்தி. 1951இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியோ உற்பத்தி நடக்கும் தொழிற்கூடத்தை வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி வரும் சாண்ட்விச் படிப்புகளை நடத்திக் காட்டியது.

அந்த முறை வெற்றி பெற்றதற்கு ஒரு காரணம் உண்டு. லேத்தில் கடைந்த ஷாஃப்ட் சரியில்லை என்றால் மைக்ரோமீட்டர் அந்த நிமிடமே சொல்லிவிடும். மாணவர் தம் பிழையைத் தம் கையில் பிடித்துப் பார்க்கலாம். மேசையில் நடக்கும் வேலைக்கு அப்படி ஒரு அளவுகோல் பக்கத்தில் இருப்பதில்லை. மெர்ச்சண்டைசர் போட்ட கணக்கு தவறு என்பது, தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கு ஏறாமல் போய், சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்பும்போதுதான் தெரியவரும். அதற்குள் அந்தக் கணக்கை ஏன் அப்படிப் போட்டோம் என்பதே மறந்து போயிருக்கும். எனவே பட்டறையை வளாகத்துக்குள் கொண்டுவந்ததைப் போல, முடிவெடுக்கும் மேசையையும் அதன் பிழை தெரியவரும் இடத்தையும் மாணவரின் எட்டும் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் துணிபு.

எங்களிடம் வந்து சேரும் மாணவர்களின் பள்ளிப் பருவத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுத வைத்த வழக்கம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. 2017-18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பயிற்சியில் வளர்ந்த பிள்ளைகள் உழைப்புக்கு அஞ்சாதவர்கள், நேரம் தவறாதவர்கள். ஆனால் அவர்கள் கண்ட ஒவ்வொரு கேள்வியும் யாரோ தெளிவாக எழுதி வைத்தது. விடைக்கு வேண்டிய தகவல் முழுவதும் கேள்விக்குள்ளேயே இருந்தது. திருத்துபவருக்கு விடை முன்பே தெரிந்திருந்தது. விடை யாருக்கும் தெரியாத, கேள்வியே இன்னும் சரியாக அமையாத ஒரு நிலையில் அவர்களை நிறுத்தினால் முதலில் திகைத்துத்தான் போகிறார்கள்.

நிறுவனமும் கேள்வியும்

இந்த நிகழ்வில் மாணவர்கள் நால்வர். இருவர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். மாணவிகளில் ஒருவரின் தாய் பல ஆண்டுகளாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். நிறுவனம், பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர அளவினது. நிட்டிங்கும் சாயமும் வெளியே ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குப் பிறரிடம் செய்து வாங்குவது. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆகியவை சொந்தக் கூரையின் கீழ். உரிமையாளர் எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: ஆர்டருக்குக் கணக்குப் போட்டு வாங்கும் துணி சாயப்பட்டறையிலிருந்து திரும்பும்போது அடிக்கடி குறைகிறது, குறைந்ததற்குச் சின்ன லாட் ஒன்றை மறுபடியும் சாயமேற்ற வேண்டியிருக்கிறது, அந்தச் சின்ன லாட்டின் ஷேடு முந்தையதோடு ஒத்துப் போவதில்லை, எல்லாம் சேர்ந்து ஷிப்மென்ட் தள்ளிப் போகிறது.

மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்புவதற்குள்ளாகவே தீர்வை முடிவு செய்திருந்தார்கள். தாமதத்தை முன்கூட்டியே கணிக்கும் ஒரு செயலி. அதற்கு இயந்திரக் கற்றல். பார்வைக்கு வண்ண வரைபடங்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு ஆண்டுகளாக நாங்கள் கருவிகளைத்தான் கையில் கொடுத்திருக்கிறோம். கருவி கையில் இருப்பவர் அதற்கேற்ற வேலையைத் தேடுவது இயல்பு. குழுவில் ஒருவர் செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் பின்னலாடை ஏற்றுமதியில் தாமதத்துக்குக் காரணங்கள் என்னவென்று கேட்டு, இயந்திரப் பழுது, ஆள் பற்றாக்குறை, மூலப்பொருள் தாமதம் என்று ஒழுங்கான பக்கங்களாக வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் உண்மையாக இருக்கக்கூடியது; இந்த நிறுவனத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

அப்போது ஒரு விதியை வைத்தோம். நிரல் எழுதுவதற்கு முன் ஒரே ஓர் ஆர்டரை, நூல் வாங்கியதிலிருந்து அட்டைப்பெட்டியில் அடைக்கும் வரை, உடனிருந்து பின்தொடர வேண்டும். வாரந்தோறும் ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். அதன் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது கண்டதா, கேட்டதா, ஏட்டில் உள்ளதா என்று குறிக்க வேண்டும். மூன்றில் எதுவும் பொருந்தாத வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். உரையாடி தந்த பக்கங்களை இந்த விதியில் வைத்துப் பார்த்ததும் மாணவர்களே அவற்றை ஒதுக்கினார்கள். நான் எடுத்துச் சொல்லியிருந்தால் அதை ஓர் ஆசிரியரின் தடையாகக் கொண்டிருப்பார்கள். ஓரத்தில் எழுத எதுவும் இல்லாமல் பேனா நின்றது அவர்களுக்கே புரிந்தது.

எடைச் சீட்டு

ஏட்டைப் பார்த்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. நிறுவனத்தின் எக்செல் தாளில் எல்லா நிறத்துக்கும் எல்லா ஜிஎஸ்எம்முக்கும் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணியின் கனம்) ஒரே பிராசஸ் லாஸ் (சாயமேற்றும்போது குறையும் எடை) சதவீதம் போடப்பட்டிருந்தது. நூலுக்கும் நிறத்துக்கும் ஃபினிஷிங்குக்கும் ஏற்ப இழப்பு மாறும் என்பதை மெர்ச்சண்டைசர் அறிவார்; அவசரத்தில் ஒரு சராசரியை வைத்திருந்தார். மாணவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்து, நிறவாரியாக இழப்பைக் கணக்கிட உட்கார்ந்தார்கள். கணக்கு ஒட்டவில்லை. ஒரே நிறம், ஒரே நூல், ஒரே சாயப்பட்டறை. இரண்டு லாட்டுகளின் இழப்பு வெகுவாக வேறுபட்டது.

விடை குடோனில் இருந்தது. செக்கிங் வேலை பார்ப்பவரின் மகள், வீட்டில் கேட்டுப் பழகிய பேச்சுத் துணிவில், குடோன் பொறுப்பாளரிடம் போய், “ஏனுங்கண்ணா, ஒரே துணி ஒரு தடவ கொறையுது, ஒரு தடவ கொறையலையே, ஏனுங்க?” என்று நேரடியாகக் கேட்டார். அவர் சாதாரணமாகச் சொன்னார்: “ட்ரையர்ல இருந்து சூடா வந்த ரோலு எடை காட்டாதுங்க கண்ணு. பிரிச்சுப் போட்டு ஒரு ராத்திரி கெடந்தா தானா ஏறிக்கும்.”

பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடாக உள்ள நிலையான சூழலில் பருத்தி தன் உலர் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தைத் தாங்கி நிற்கும் என்பது நெசவுத் தொழில்நுட்பம் படிப்பவருக்குத் தொடக்கப் பாடம். எங்கள் கணினி மாணவர்களுக்கு அது புதுச் செய்தி. அடுத்த கட்டடத்தில் இருக்கும் ஜவுளித் துறை ஆசிரியர் ஒருவர் அதை விளக்கியபோது அவர்கள் முகத்தில் கண்ட தெளிவை எந்தத் தேர்வு அறையிலும் நான் கண்டதில்லை. கணக்கு எளிது. உலர் எடை 1000 கிலோ கொண்ட ஒரு லாட், ட்ரையரும் காம்பாக்டிங்கும் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது) முடிந்து 4 விழுக்காடு ஈரத்தோடு வந்தால் 1040 கிலோ காட்டும். அதுவே பிரித்துப் போட்டுக் காற்றாடி 8 விழுக்காட்டை எட்டினால் 1080 கிலோ. சட்டை ஒன்றுக்கு 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், நடுவிலுள்ள 40 கிலோ 200 சட்டைக்கான துணி. துணியின் நீளத்திலோ பரப்பிலோ பற்றாக்குறை ஏதுமில்லை. வந்த உடனே தராசில் ஏற்றியதால் காகிதத்தில் மட்டும் 200 சட்டைக்குப் பற்றாக்குறை தோன்றுகிறது. அந்தக் காகிதத்தை நம்பி மெர்ச்சண்டைசர் மறு லாட்டுக்கு ஆர்டர் போடுகிறார். தாமதம் அங்கே தொடங்குகிறது. மழை நாட்களில் கிரே துணியே (சாயமேற்றாத துணி) ஈரம் ஏறிய எடையோடு சாயத்துக்குப் போவதால், திரும்பி வரும்போது தெரியும் வேறுபாடு இன்னும் கூடுகிறது.

மாணவர்கள் இதை அப்படியே ஏற்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. “கேட்டது” என்ற குறியோடு எழுதியதைக் “கண்டது” ஆக்க வேண்டும் என்று, வந்திறங்கிய சில ரோல்களை அதே தராசில் உடனே ஒரு முறையும், பிரித்துப் போட்டு மறுநாள் காலை ஒரு முறையும் எடை போட்டார்கள். எல்லா ரோலும் ஏறியிருந்தது. ஏறிய அளவு ரோலுக்கு ரோல் வேறாக இருந்தது. பின்னல் துணியைக் கட்டிங்குக்கு விடும் முன் எப்படியும் பிரித்துப் போட்டுத் தளர விட வேண்டும் என்பதால், எடையை அந்தத் தளர்வுக்குப் பின் போடுவதற்குக் கூடுதல் நேரமோ பணமோ தேவையில்லை என்பதையும் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள்.

பழைய தாமதங்களில் எத்தனை இதனால் வந்தவை என்ற கேள்விக்கு அவர்களால் விடை சொல்ல முடியவில்லை. எடை எப்போது போடப்பட்டது என்பது எந்தச் சீட்டிலும் இல்லை. ஓட்டை விழுந்த துணி, பட்டறையில் மாறிப்போன ரோல் என்று மெய்யான பற்றாக்குறைகளும் இருந்தன. ஆகவே அவர்கள் பரிந்துரைத்தது செயலியும் அன்று, கணிப்பும் அன்று. எடைப் பதிவில் “எடை போட்ட நேரம்” என்ற ஒரு கட்டத்தைச் சேர்ப்பதும், பற்றாக்குறை என்ற முடிவைத் தளர்வுக்குப் பிந்தைய எடையை வைத்து மட்டும் எடுப்பதுமே அவர்கள் கேட்டுக்கொண்டவை.

எழுதுதல்

இந்த நிகழ்வில் மிகக் கடினமாக இருந்தது எழுதியதுதான். முதல் வரைவை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். துணி இருப்பு வேறுபாடு நவீன ஆடைத் தொழில்துறையின் முக்கியச் சவால் என்று தொடங்கி, என்ன செய்ய வேண்டும் என்பது எந்தப் பக்கத்திலும் அகப்படாமல் அது நீண்டது. கட்டிங் மாஸ்டரும் குடோன் பொறுப்பாளரும் படித்து நாளைக் காலை செயல்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொண்டு முதலில் தமிழில் எழுதச் சொன்னேன். திரும்பி வந்த குறிப்பின் முதல் வாக்கியம் இப்படி இருந்தது: “ட்ரையரிலிருந்து வந்த அன்று எடை போட்டுத் துணி குறைவு என்று முடிவு செய்ய வேண்டாம், ரோலைப் பிரித்துப் போட்டு மறுநாள் எடை போட்ட பிறகு முடிவு செய்யலாம்.” அதன் கீழ் காரணம், அதன் கீழ் எடை போட்ட ரோல்களின் அட்டவணை, இறுதியில் தங்களுக்குத் தெரியாதவை. இரண்டு பக்கங்களில் முடிந்தது. பிறகு அதிலிருந்து உரிமையாளருக்கும் மெர்ச்சண்டைசருக்கும் எழுதிய ஆங்கிலக் குறிப்பும் அதே தெளிவோடு அமைந்தது.

தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கிலம் போதாது என்ற குறையைத்தான் வேலைவாய்ப்புக் கூட்டங்களில் எப்போதும் கேட்கிறேன். ஆங்கிலம் வேண்டும், திருப்பூரில் பையரோடு பேசவே அது வேண்டும். ஆனால் சொல்ல வேண்டியது எது என்று தெளியாதவருக்கு எந்த மொழியும் கை கொடுப்பதில்லை. தெளிவை உண்டாக்கிக்கொள்ளத் தாய்மொழியைப் பயன்படுத்த அனுமதித்தால் ஆங்கிலமும் அதன் பின்னே வந்து சேர்கிறது என்பதை இந்த இருவரிடம் கண்கூடாகப் பார்த்தேன். பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்பெண்

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் கேட்ட கேள்விகள், பயன்படுத்திய அல்காரிதம் எது, துல்லியம் எத்தனை விழுக்காடு, புதுமை எங்கே என்பன. அவர் கையிலிருந்த மதிப்பீட்டுத் தாள் அவற்றைத்தான் கேட்டது. அவர் தம் கடமையைச் செய்தார். வருகைப் பதிவுக்கு முகம் அறியும் மென்பொருளை இணையத்திலிருந்து எடுத்துச் சிறிது மாற்றிக் காட்டிய குழுவைவிட இந்த நால்வருக்கும் மதிப்பெண் குறைந்தது. மாணவர்கள் வருந்தினார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. ஏனென்றால் அடுத்த ஆண்டு மாணவர்கள் அந்த மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத்தான் தங்கள் திட்டப்பணியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

கல்வியை அறிவுப் பணிக்கு ஏற்ப மாற்றுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் புதிய பாடங்களைச் சேர்ப்பதில் முடிந்துவிடுகிறது. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், தொழில் நிறுவனங்களின் பயிற்சிகளைக் கல்லூரிப் பாடத்துக்குள் கொண்டுவந்திருப்பது நல்ல காரியம். சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு முன்பு எட்டாதிருந்த கருவிகள் அதனால் எட்டுகின்றன. கருவி தெரிந்த மாணவர், அதை எங்கே பயன்படுத்துவது, எங்கே பயன்படுத்தாமல் விடுவது என்று தீர்மானித்ததற்கு மதிப்பெண் தரும் ஏற்பாடுதான் இன்னும் அமையவில்லை. செயலி தேவையில்லை என்று கண்டறிந்ததே இந்தக் குழுவின் தலையாய வேலை. அதைப் பதிவதற்கு மதிப்பீட்டுத் தாளில் கட்டம் இல்லை.

வரம்புகளும் அடுத்த நடவடிக்கையும்

ஒரு குழுவின் அனுபவத்தை வைத்து எல்லாக் கல்லூரிகளுக்கும் விதி செய்ய முடியாது. இந்த நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர் பொறுமைசாலி. சீசன் நேரத்தில்கூட மாணவர்களின் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொன்னார். விலை விவரம் வெளியே போய்விடும் என்ற அச்சத்தில் ஏட்டைத் திறக்க மறுக்கும் நிறுவனங்களே அதிகம். அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. நாங்கள் விலை விவரங்களை நீக்கிய நகலை மட்டும் கேட்டுப் பெற்றோம். ஒரு வழிகாட்டி ஆசிரியர் பல குழுக்களைப் பார்க்க வேண்டிய நிலையில் வாரந்தோறும் ஒவ்வொரு குறிப்பையும் வாக்கியம் வாக்கியமாகப் படிப்பது பெரும்பாடு. அதற்கு நேரம் ஒதுக்காமல் இந்த முறையை அறிவித்தால் ஓரத்துக் குறிகளையும் மாணவர்கள் கடைசி இரவில் நிரப்பிவிடுவார்கள். குடோனுக்குள் ஒரு மாணவி துணிந்து நுழைந்து கேட்டது, அவர் வளர்ந்த வீட்டால் வந்தது. மற்ற மாணவர்களுக்கு அந்தத் துணிவை வகுப்பறையில் எப்படி ஊட்டுவது என்பதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

கரூரின் வீட்டு உபயோகத் துணி நிறுவனங்கள், நாமக்கல் கோழிப்பண்ணைகள், ஈரோட்டு மஞ்சள் மண்டிகள், கோவையின் பம்பு வார்ப்படக் கூடங்கள் ஆகிய எல்லா இடங்களிலும் இத்தகைய எடைச் சீட்டுகள் இருக்கின்றன. எங்கள் கல்லூரிகளிலிருந்து அவை பேருந்தில் போய்வரும் தூரத்தில்தான் உள்ளன. எங்கள் துறை, அகமதிப்பீட்டில் மட்டும், இரண்டு மாற்றங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது. திட்டப்பணி முன்மொழிவில் அதன் முடிவைப் படித்துச் செயல்படப் போகிறவர் யார் என்று குறிப்பிட வேண்டும்; இறுதியில் அவருக்கு எழுதிய இரண்டு பக்கக் குறிப்புக்கும், தெரியாதவை என்று மாணவர் பட்டியலிட்டதற்கும் தனி மதிப்பெண் உண்டு. வெளித் தேர்வாளரின் தாளிலும் இவ்விரண்டையும் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தை இந்த நால்வரின் குறிப்பையும் எடை அட்டவணையையும் இணைத்துத் துறைத் தலைவர் வழியாகப் பாடத்திட்டக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்.